ஒரு புள்ளிதானே என்று சொல்லாதீர்கள்

"ஒரு புள்ளிதானே ஐயா, பழகிவிடும்." மடிக்கணினித் திரையில் குறை கண்டு திரும்பிச் செல்பவருக்கு நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் மறுமொழி இதுதான். இரண்டாம் முறை போனால், "கம்பனியின் விதிப்படி இத்தனை புள்ளி வரை குறையாகக் கொள்ளமாட்டார்கள்" என்பார்கள். மூன்றாம் முறை போகும்போது உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையோரம் வாழ்கிறவருக்கு நான்காவதாக ஒரு மறுமொழியும் வைத்திருக்கிறார்கள்: "உங்கள் ஊர் உப்புக் காற்று."

இந்த நான்கு மறுமொழிகளுக்கும் எதிராகவே இதை எழுதுகிறேன். கணினி விற்பவர்கள்மீது எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. ஆனால் கற்பிட்டியிலும் உடப்பிலும் பாலாவியிலும் முந்தலிலும் ஒரு மடிக்கணினி வாங்கப்படுகிறது என்றால், அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்போ, குவைத்திலோ கத்தாரிலோ உழைக்கும் ஒருவரின் வியர்வையோ இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக என்ன திரை கொடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விற்பதை வணிகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் புள்ளியைப் பற்றிப் பேசுவோம்.

கணினித் திரை என்பது நுண்ணிய படப்புள்ளிகளின் அடுக்கு. பிக்சல் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல்கள். இவற்றில் ஒன்று எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கலாம். அல்லது ஒளிராமலே போகலாம். ஆங்கில எழுத்துகளை வாசிப்பவருக்கு இது ஒரு தூசு. இரண்டே இரண்டு சிறிய எழுத்துகளுக்கு மட்டுமே அங்கே தலைமேல் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி மறைந்தாலும் சொல் மாறிவிடாது.

தமிழில் புள்ளி என்பது எழுத்தின் உயிர்நாடி. "பல" என்பதன் லகரத்தின் தலையில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் அது "பல்" ஆகிறது. பன்மை போய் வாய்க்குள் இருக்கும் பொருள் வந்துவிடுகிறது. "விடு" என்பதற்கும் "வீடு" என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு சிறு சுழி. "எடு" என்பதற்கும் "ஏடு" என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு சிறு கால். "கொடு", "கோடு" இரண்டையும் பிரிப்பது கொம்பின் மேலிருக்கும் ஒரு வளைவு. சாதாரண வாசிப்பு அளவில், மட்டமான திரையில், இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒன்றோ இரண்டோ பிக்சல்கள்தாம். அந்த இடத்திலே ஒரு பிக்சல் செத்துப்போனால், அல்லது பிக்சல்களே போதாமல் இருந்தால், வாசிப்பவர் எழுத்தைக் காண்பதில்லை; ஊகிக்கிறார்.

ஊகித்து வாசித்த காலம் ஒன்று நமக்கு இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் ஏடு கிழிந்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் விட்டார்கள். ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றாகக் கிடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் கொடுத்தார். அச்சுக்கலை வந்து புள்ளிகளை நிலைநிறுத்தியது. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் ஒரு சொல்லைத் தீர்மானிக்க எத்தனை பாடுபட்டார்கள் என்பதைப் பழைய பதிப்பு முன்னுரைகளை வாசித்தவர்கள் அறிவார்கள். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி இதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர். அவர் பிறந்த ஊரிலே ஒரு பிள்ளை இன்று தன் பாடக்குறிப்பை, ஓலை வாசிப்பவனைப் போல ஊகித்து வாசிக்க வேண்டுமா?

நான் செய்தித்தாள் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துகளைக் கையால் கோத்தார்கள். தேய்ந்த எழுத்தும் புள்ளி உடைந்த எழுத்தும் அச்சுக்கோப்பவரின் கண்ணில் பட்டால் உடனே உருக்குவதற்கு ஒதுக்கப்படும். அவர் கண்ணில் தப்பினால் மெய்ப்புப் பார்ப்பவர் பிடிப்பார். அவரும் தப்பவிட்டால் மறுநாள் காலையில் வாசகர் தொலைபேசியில் பிடிப்பார். "ஒரு பக்கத்துக்கு ஐந்து உடைந்த எழுத்து வரை வழமைதான்" என்று எந்த ஆசிரியரும் வாசகருக்கு மறுமொழி சொல்லிக் கேட்டதில்லை. சில ரூபா பெறுமதியான தாளுக்கு இருந்த அந்த நாணயம், இலட்சக்கணக்கில் விலைபோகும் கருவிக்கு இல்லாமற்போனது எப்படி?

அடுத்தது திரைத் துல்லியம்.

இன்றும் விலை குறைந்த புதிய மடிக்கணினிகள் பலவற்றிலும், வெளிநாடுகளிலிருந்து வந்து மறுவிற்பனையாகும் பழையவற்றிலும் இருப்பது 1366×768 திரை. பெட்டியின் மேலே "எச்டி" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். உயர் துல்லியம் என்பது அதன் பொருள். பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பிக்சல்கள் இதில் உண்டு. 1920×1080 திரையில் இருபது இலட்சத்துக்கு மேல். அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அந்த இரண்டாவது திரையின் பெயர் "முழு எச்டி". எச்டி, முழு எச்டி என்ற இரண்டு பெயர்களுக்கிடையே பாதிக்குப் பாதி வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதை வாங்குகிறவருக்கு எந்த விற்பனையாளர் எடுத்துச் சொல்கிறார்? "இதுவும் எச்டிதான்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 15.6 அங்குலத் திரையில் 1366×768 என்றால் ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல்கள். அதே அளவுத் திரையில் 1920×1080 என்றால் 141. 14 அங்குலத்தில் முறையே 112, 157. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்பது கண் மருத்துவத்தின் அடிப்படை அளவு. திரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி உட்காருபவருக்கு இது அங்குலத்துக்குச் சுமார் 145 பிக்சல்கள் என்றாகிறது. 100 பிக்சல் திரையில் எழுத்தின் விளிம்பு படிக்கட்டாகத் தெரிவதற்கும், 141 அல்லது 157 பிக்சல் திரையில் அது கோடாகத் தெரிவதற்கும் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 14 அங்குலத் திரையில் 3840×2160 என்று அங்குலத்துக்கு 315 பிக்சல்களை அடைத்துக் கொடுப்பதும் நமக்கு வேண்டியதில்லை. கண் அதில் பெரும்பகுதியைக் காணாது. பற்றரி மட்டும் விரைவில் தீரும், விலையும் ஏறும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மருமகனுக்கு அனுப்ப நினைக்கும் மாமாமார் இந்த விளம்பரத்தில் மயங்க வேண்டாம். 14 அல்லது 15.6 அங்குலத்தில் 1920×1080, கிடைத்தால் சற்று உயரம் கூடிய 1920×1200. தமிழ் வாசிக்கவும் எழுதவும் இது போதும். இதற்குக் கீழே இறங்கவும் தேவையில்லை, மேலே ஏறவும் தேவையில்லை.

"முழு எச்டியில் எழுத்து மிகச் சிறிதாகத் தெரிகிறதே" என்று மூத்த வாசகர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதற்குக் கடையிலிருக்கும் பையன் செய்து கொடுக்கும் வைத்தியம் திரைத் துல்லியத்தை 1366×768க்குக் குறைத்துவிடுவது. இது நோயைவிடக் கொடிய மருந்து. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகள் எந்தத் துல்லியத்துக்கும் ஓரளவு இசைந்து கொடுத்தன. இன்றைய தட்டைத் திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே நிலைத்துவிடுகிறது. அதைவிடக் குறைத்து அமைத்தால் ஒரு பிக்சலின் வேலையை ஒன்றரைப் பிக்சல் செய்ய வேண்டிவரும். எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறிய மைபோலக் கலங்கும். துல்லியத்தைத் திரையின் இயல்பான அளவிலேயே விட்டுவிட்டு, விண்டோஸின் திரை அமைப்பில் உருப்பெருக்கத்தை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் கெடாது. அரை நிமிட வேலை. இதைச் சொல்லிக் கொடுக்காத கடைக்காரர் எதை விற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். "ஏழைப் பிள்ளைக்கு ஏதோ ஒரு கணினி கிடைத்தால் போதாதா? திரையைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களின் பேச்சு" என்று எனக்கு வேண்டிய ஆசிரியர் ஒருவரே சொன்னார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது கைத்தொலைபேசியின் சிறு திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடம் கேட்ட பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். 2022இல் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, மடிக்கணினி என்ற சொல்லையே பல வீடுகள் மறந்துவிட்டதையும் பார்த்தவர். அவருடைய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் என் விடை வேறு. வசதியுள்ளவர் மட்டமான திரை வாங்கினால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வார். ஏழைப் பிள்ளைக்கு அந்தத் திரை ஐந்தாண்டு, ஏழாண்டு கண்முன் இருக்கப்போகிறது. உயர்தர வகுப்பின் இரண்டாண்டும் அதில்தான். அதற்குப் பிறகு பல்கலைக்கழகமும் அதில்தான். எனவே அதிகம் விசாரித்து வாங்க வேண்டியவர் அவர்தான். குறைந்த பணத்தில் வாங்குகிறவர் குறைந்த தகவலோடு வாங்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்? அதே பணத்துக்கு வேகம் சற்றுக் குறைந்த, ஆனால் நல்ல திரையுள்ள ஒன்றை அவர் தெரிவு செய்திருக்கலாம். தெரிவு செய்யும் உரிமை தகவல் இருந்தால்தான் உண்டு. ஏற்கனவே மட்டமான திரையோடு ஒரு கணினி வீட்டில் இருக்குமானால் அதற்கும் வழி இருக்கிறது. அதில் எச்டிஎம்ஐ துளை இருந்தால், 1920×1080 உள்ள பழைய கணினித் திரை ஒன்றையோ வீட்டுத் தொலைக்காட்சியையோ இணைக்கலாம். கணினியின் சொந்தத் திரைதான் மட்டமே தவிர, வெளித்திரைக்கு அது கூடிய துல்லியத்தில் படம் அனுப்பும்.

துல்லியம் மட்டும் திரை ஆகிவிடாது. டிஎன் என்ற பழைய வகைத் தகடும், ஐபிஎஸ் என்ற வகையும் உண்டு. டிஎன் திரையை நேரே பார்த்தால்தான் சரியாகத் தெரியும். சற்றுக் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் நிறம் வெளுக்கும், சிலவேளை தலைகீழாகும். ஒரு மடிக்கணினியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் வீடுகளில் நடுவில் இருப்பவருக்கு மட்டும் பாடம் தெரிவது போதுமா? ஐபிஎஸ் திரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதுபோலவே வெளிச்சம். மலிவான திரைகள் 220 அல்லது 250 நிட் ஒளிர்வோடு வருகின்றன. மழை நாட்டு அலுவலக அறைக்கு அது போதலாம். கதவைத் திறந்தால் களப்பின் நீரில் பட்ட வெயில் கண்ணைக் குத்தும் புத்தளத்தில், 300 நிட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பளபளப்பான முகப்புள்ள திரை இங்கே முகம்பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும்; மங்கல் முகப்பே ஏற்றது. இவற்றில் ஒன்றுகூடக் கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இருப்பதில்லை. செயலி, நினைவகம், சேமிப்பகம், விலை என்று நான்கு வரி எழுதுகிறவர்களுக்கு, பிள்ளை நாள் முழுதும் பார்க்கப்போகும் பாகத்தைப் பற்றி ஐந்தாவது வரி எழுதக் கை வருவதில்லை.

இனி, "கம்பனியின் விதி" என்ற பூச்சாண்டிக்கு வருகிறேன்.

அந்த விதியின் வேர் 2001இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரநிலை. தட்டைத் திரைகளை அது நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் குறைப் பிக்சலே கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து இலட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிர்வன இரண்டு, எப்போதும் இருண்டிருப்பன இரண்டு, துணைப் பிக்சல் குறைகள் ஐந்து வரை பொறுக்கப்படும். 2008இல் இதன் இடத்துக்கு 9241 வரிசைத் தரநிலைகள் வந்தன. வகுப்புப் பிரிவு தொடர்ந்தது. சந்தைக்கு வரும் திரைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகுப்பை ஒட்டியவை.

இதைக் கவனியுங்கள். அனுமதி பத்து இலட்சத்துக்கு இவ்வளவு என்று இருக்கிறது. ஆகவே இருபது இலட்சம் பிக்சல் உள்ள முழு எச்டித் திரையில் ஒளிர்வன நான்கு, இருண்டவை நான்கு, துணைப் பிக்சல் குறைகள் பத்து வரை இருந்தாலும் "தரமான பொருள்" என்று சொல்லிவிடலாம். நல்ல திரைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவருக்குக் கூடுதல் குறைகளைச் சகிக்கும் கடமையும் சேர்ந்து வருகிறது!

கோடிக்கணக்கான நுண்பாகங்களில் எல்லாமே பிழையின்றி அமைவது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. குறையே இல்லாத தகடுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் விலை ஏறும் என்பதும் உண்மைதான். என் சண்டை அங்கே இல்லை. தரநிலை என்பது உற்பத்தியாளரும் வாங்குநரும் ஒரே அளவுகோலால் பேசுவதற்கு ஏற்பட்ட கருவி. அது நாட்டின் சட்டம் ஆகாது. இந்தத் திரை எந்த வகுப்பைச் சேர்ந்தது, எத்தனை குறை வந்தால் மாற்றித் தருவோம் என்பதை விற்பதற்கு முன்னர் சொல்லியிருந்தால் அது ஒப்பந்தம். காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்ட பிறகு, குறையோடு வந்தவரிடம் முதன்முறையாக எடுத்து நீட்டினால் அதற்கு வேறு பெயர். அதிலும், தமிழும் சிங்களமும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில், பொடி ஆங்கிலத்தில் அச்சிட்ட உத்தரவாதச் சீட்டின் மூன்றாம் பக்கத்தில் அது இருக்கிறது என்று காட்டுவது நேர்மையா?

உப்புக் காற்றுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு மீனவக் குடும்பத்து மாணவியின் மடிக்கணினியில், வாங்கிய ஐந்தாம் மாதத்தில், திரையின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் 130 கிலோமீற்றர். அவர்கள் வீட்டிலிருந்து புத்தளத்துக்கு வருவதே தனிப் பயணம். தந்தை ஒரு நாள் தொழிலை விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, "கடலோர ஈரத்தால் ஏற்பட்ட அரிப்பு, உத்தரவாதத்தில் அடங்காது" என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அரிப்பு எங்கே என்று காட்டவில்லை. படம் எடுத்துக் கொடுக்கவில்லை. விற்ற கடையின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கே வேண்டாம். இது ஒரு கடையின் நோயாக இருந்தால் எழுதவே வந்திருக்கமாட்டேன்.

உப்புக் காற்று பொய்யென்று நான் சொல்லவில்லை. புத்தளத்தில் உப்பு விளைவதற்குக் காரணமான அதே கடலும் காற்றும் மின்கருவிகளுக்குப் பகைதான். காற்றிலுள்ள ஈரப்பதன் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் தானே நீரை இழுத்துக் கரையும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். அந்த உப்புநீர் இணைப்பிகளின் செம்பை அரிக்கும். ஆனால் எல்லாக் கோளாறும் உப்பால் வருவதில்லை. எது எதனால் வந்தது என்று கண்டறிய வழிகள் உண்டு.

மூடியை மெல்ல அசைக்கும்போது கோடு தோன்றி மறைந்தால், கீல் வழியே செல்லும் கம்பிப்பட்டையிலோ அதன் இணைப்பிலோ பழுது. எப்படி அசைத்தாலும் கோடு அதே இடத்தில் அசையாமல் நின்றால், பெரும்பாலும் தகட்டின் விளிம்பில் மின்சுற்று ஒட்டப்பட்டிருக்கும் இடத்தில் கோளாறு. அதற்கு உற்பத்திக் குறை காரணமாகலாம், அழுத்தமும் காரணமாகலாம். வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். அதிலும் கோடு வந்தால் குற்றம் திரையில் இல்லை. படம் வரையும் பகுதியிலோ மென்பொருளிலோ இருக்கிறது. திரையைப் படம்பிடிக்கும் விசையை அழுத்தி, அந்தப் படத்தை வேறு கணினியில் திறந்து பார்ப்பதும் இதே சோதனைதான். கணினி தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே கோடு தெரிந்தால் மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைப் பின்னணியில் மங்கலான ஒளித்திட்டு தெரிந்தால், பையில் புத்தகங்களுக்கிடையே நசுங்கியிருக்க வாய்ப்புண்டு. இவை எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே செய்யலாம். அரிப்பு என்றால் பச்சை பூத்த இணைப்பியைத் திறந்து காட்டலாம். திறந்து காட்டாமல் ஊரின் பெயரைக் கேட்டே தீர்ப்பு எழுதுவது, விசாரணை இல்லாத தண்டனை.

இன்னொரு கேள்வியும் உண்டு. இலங்கை ஒரு தீவு. கொழும்பும் நீர்கொழும்பும் காலியும் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் மட்டக்களப்பும் கடலோரத்தில்தான் இருக்கின்றன. கடலோர ஈரம் உத்தரவாதத்தைச் செல்லாததாக்கும் என்றால், அந்த உத்தரவாதம் இந்த நாட்டில் யாருக்காக எழுதப்பட்டது? கடலோரத்தில் விற்கும்போது, "இது கடலோரத்துக்கு ஆகாது" என்று ஏன் சொல்லவில்லை?

சட்டம் நம் பக்கம் முற்றாக இல்லாமலும் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தவும், விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதிலே ஒரு கத்தரிப்பும் உண்டு: வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. எனவே, பெட்டியை வெறுமனே திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவது ஆபத்து. பார்ப்பதென்றால் முழுதாகப் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தவறான எண்ணத்தை ஏற்படுத்தி விற்பதைத் தடைசெய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். இன்று வா, நாளை வா என்று இழுத்தடிக்கும் கடைக்காரருக்கு இந்தக் கெடு தெரியும். நமக்குத் தெரியாமல் இருக்கலாகாது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

ஆகவே, வாங்கப்போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: காசு கொடுக்குமுன் கணினியை இயக்கச் சொல்லுங்கள். முழுத்திரையில் வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து நிறங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். இருண்ட புள்ளி வெள்ளையில் தெரியும். ஒளிரும் புள்ளியும் விளிம்பில் கசியும் ஒளியும் கருப்பில் தெரியும்.

இரண்டு: ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, சாதாரண எழுத்தளவில் ஒரு பத்தியை வாசியுங்கள். கிகரமும் கீகாரமும், எகரமும் ஏகாரமும் தடுமாறாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலப் பக்கத்தைக் காட்டி விற்பவரிடம் தமிழ்ப் பக்கத்தைக் கேளுங்கள்.

மூன்று: துல்லியம், தகட்டின் வகை, ஒளிர்வு, எத்தனை பிக்சல் குறைக்கு மாற்றுவார்கள் என்ற நான்கையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.

நான்கு: வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் உறவினர்கள், உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். வாங்கிய நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு இங்கே வெறும் காகிதம்.

ஐந்து: கடலோரத்தில் வாழ்கிறவர்கள், பயன்படுத்தாத வேளையில் கணினியைச் சன்னலோரம் திறந்து வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பையில் வையுங்கள். திரையை மென்மையான உலர்துணியால் துடையுங்கள். நம் பங்கை நாம் செய்தால்தான் மற்றவரின் பங்கைத் தலைநிமிர்ந்து கேட்க முடியும்.

இறக்குமதி செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. விலைச்சீட்டில் திரைக்கென ஒரு வரி. உத்தரவாதச் சீட்டு மூன்று மொழியிலும். திரைக் குறைக்கு வாங்கிய முதல் ஏழு நாளுக்குள் கேள்வி கேட்காத மாற்று. மறுப்பதாக இருந்தால், பழுதைப் படத்தோடு காட்டும் எழுத்து மூலக் காரணம். நுகர்வோர் அதிகாரசபை நினைத்தால் இந்த நான்கையும் ஒரு பணிப்புரையால் கட்டாயமாக்கலாம். கேட்பவர் இல்லாததால்தான் செய்யவில்லை என்றால், கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவோம். முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் எனக்கு எழுதுங்கள். நான் எழுதித் தருகிறேன். நாற்பதாண்டு காலம் மற்றவர்களுடைய செய்திகளைத் திருத்திய கை, உங்களுக்காக ஒரு கடிதம் எழுதச் சோம்பாது.

அந்த மாணவியின் தந்தையும் இப்போது எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். வாங்கி மூன்று மாதம் கடந்துவிட்டதால் அதிகாரசபை அதை ஏற்குமா என்பது நிச்சயமில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அரிப்பு எங்கே என்று காட்டும்படி விற்றவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். மறுமொழி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.